லேஸ் கட்டப் பழகும் அப்பா

கேள்வி: கணவர், ஒன்பது வயது மகனுடன் இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் அப்பா, அம்மா இறந்த பிறகு முதல்முறையாக ஆறு மாத விசாவில் எங்களிடம் வந்திருக்கிறார். வயது 71. வந்த புதிதில் ரயிலில் போகும்போது, அஃபிங்டன் கிராமத்துக்கு மேலே குன்றின் சரிவில் தரையிலேயே வெட்டியிருக்கும் பெரிய வெள்ளைக் குதிரை உருவத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து, கிராமத்திலிருந்து நடந்தே அந்தக் குன்றில் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஒருமுறை காரில் அழைத்துப் போனோம். தூறல் விழுந்ததால் இறங்காமலே திரும்பிவிட்டோம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன, ஊர் டாக்டரும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றாலும், மலை ஏறுவது வேறு அல்லவா? வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? எங்கள் இருவருக்கும் வேலை. சனி, ஞாயிறில்தான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். பேரனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் தன் பணத்தில் ஷூ வேறு வாங்கி வந்திருக்கிறார். வாழ்நாளில் செருப்பைத் தவிர எதையும் போட்டதில்லை என்பதால் தினமும் சாயங்காலம் பேரனிடம் லேஸ் கட்டப் பழகுகிறார், பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இன்னும் ஐந்து வாரத்தில் ஊருக்குத் திரும்புகிறார். அவர் மனம் நோகாமல் இந்த எண்ணத்தை விடச் செய்வது எப்படி?
— வாசகி, சுவிண்டன்

பதில்: சகோதரி, அப்பாவின் மனம் நோகாமல் அவருடைய ஆசையை மறுக்கும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழியை நான் சொல்லித்தரப் போவதில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடமிருந்து இதே கடிதம், ஊரின் பெயர் மட்டும் மாறி, எனக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. அப்பா தனியாகப் பூங்காவுக்குப் போகிறார், அம்மா பேருந்தில் ஏறிக் கோயிலுக்குப் போகிறேன் என்கிறார், சொன்னால் கேட்பதில்லை, என்ன செய்வது என்று எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் அக்கறை என்ற சொல் தவறாமல் இருக்கிறது. நேரம் இல்லை என்பதும் எங்கோ ஒரு மூலையில், உங்கள் கடிதத்தில் இருப்பதைப் போலவே, ஒரே வரியில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்தது லேஸ் பற்றிய அந்த வரியைத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், விசா, வேலை என்று எல்லாவற்றையும் விளக்கிய நீங்கள் இதை மட்டும் போகிற போக்கில் சொல்லி, சிரிப்பாக இருக்கும் என்று முடித்துவிட்டீர்கள். 71 வயதுவரை சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்த ஒரு மனிதர், பேச்சு புரியாத ஊரில், பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், தன் காலின் அளவை யாரோ ஒருவருக்குக் காட்டி, தன் பணத்தைக் கொடுத்து ஷூ வாங்கியிருக்கிறார். உங்களிடம் கேட்டிருந்தால் இணையத்தில் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். எதற்கு என்றும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாததால்தான் அவர் ஒன்பது வயதுப் பிள்ளையைத் துணைக்குத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். நாற்று முடி கட்டவும் வைக்கோல் பிரி முறுக்கவும் தெரிந்த விரல்கள் அவை. அந்த விரல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் பேரனுக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்து, முடிச்சு அவிழ அவிழ மறுபடியும் கட்டிப் பார்க்கிறார். பிடிவாதம் பிடிக்கும் கிழவர் கத்துவார், சாப்பிட மாட்டேன் என்பார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். உங்கள் அப்பா அதில் எதையும் செய்யவில்லை, தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறார். அவர் தயாராவதை உங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன்தான் புரிந்துகொண்டு உதவுகிறான், பெரியவர்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

மலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குன்றின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 261 மீட்டர். அஃபிங்டன் கிராமமே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அவர் உண்மையில் ஏறப்போவது 160 மீட்டர் அளவுதான். திருச்சி உச்சிப் பிள்ளையார் கோயில் பாறை 83 மீட்டர். நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளாக அது நெஞ்சுக்கு நேரே நிற்கும். அப்படி இரண்டு பாறைகளின் உயரத்தை, கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குப் பரப்பி வைத்ததுபோலத்தான் இந்த வழி இருக்கிறது. முதல் பகுதி முழுவதும் வயல்வெளிச் சமதளம், கடைசியில்தான் சரிவு செங்குத்தாகும். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், டாக்டரும் நடக்கச் சொன்னவர், நின்று நின்று ஏறினால் ஏறிவிடக்கூடிய உயரம் இது. உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் புறப்படும் முன் அங்கே ஒரு டாக்டரிடம் அவரைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு அப்பாவும் கட்டுப்படுவார். அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல், முடிவை நீங்களே எடுத்துவிட்டு, அவருக்கு அதைப் புரிய வைக்க என்னிடம் சொற்களைக் கேட்கிறீர்கள்.

வேறு எதையும் விட்டு அவர் மனம் ஏன் அந்தக் குதிரையில் நின்றது என்று ஒரு நாளாவது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கு விடை இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை சமமாகக் கிடக்கும். அங்கே முருகனுக்குக்கூடக் கட்டுமலைதான். சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அறுபது படிகள் வைத்து ஏறுகிறோம். அந்தத் தரையில் பிறந்தவர், வயல்களின் நடுவிலிருந்து ஒரு குன்று எழுவதையும், அதன் சரிவில் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு குதிரை ஓடுவதையும் ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறார்.

அந்தக் குதிரை வெள்ளைச் சாயத்தால் வரைந்தது இல்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். புல்தரையில் பள்ளம் வெட்டி, சுண்ணாம்புக் கல்லை உடைத்து நிரப்பி, இடித்து இறுக்கிய கோடுகளால் ஆனது அது. கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை மண்ணிலிருந்தே கணக்கிடும் முறையால் 1990-களில் ஆராய்ந்து, அது சுமார் 3000 ஆண்டுப் பழமையானது என்று கண்டார்கள். இத்தனை காலம் அது அழியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிப் போய்ப் புல்லைச் செதுக்கி, புதுச் சுண்ணாம்புக் கல்லை இடித்து வந்திருக்கிறார்கள் என்பதுதான். சில பத்தாண்டுகள் கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும், குதிரை இருந்த இடம் தெரியாது. இன்று பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அந்த இடத்தைப் பராமரிக்கிறது; கோடையில் தன்னார்வலர்கள் சுத்தியலோடு மண்டியிட்டுக் கல்லை நொறுக்குகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று அதை மூடி வைத்து, போர் முடிந்த பிறகு மறுபடியும் திறந்தார்கள். வருடந்தோறும் வரப்பு செதுக்கி, அண்டை வெட்டி, மண் அணைத்தவருக்கு இதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. ஒரு பருவம் செதுக்காத வரப்பு என்ன ஆகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பதினோரு ஆண்டுகளாக அந்தக் குதிரைக்கு அருகில் வசிக்கும் நீங்கள், அது என்ன என்பதை அவரிடமிருந்து தெரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பீர்கள். பெற்ற மகள் பக்கத்தில் நடந்து வருவாள் என்று நினைத்துத்தான் அவர் கேட்கிறார்; தனியாகப் போக நினைத்திருந்தால் இந்நேரம் போய்விட்டிருப்பார். அப்பாவுக்கு மாத்திரை வாங்கித் தருவதும், காப்பீடு எடுப்பதும், வேளைக்குச் சோறு போடுவதும் நீங்கள் குறைவின்றிச் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனைவியை இழந்து கடல் தாண்டி வந்த தகப்பனுக்கு மகள் தர வேண்டியது அதோடு முடிகிறது என்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை, இனியும் ஏற்கப் போவதில்லை. அவருடைய வேகத்தில், அவர் போக விரும்பும் இடத்துக்கு, கூட நடப்பதும் கடமைதான். கணவரை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் ஓய்வெடுப்பதும், கார் நிறுத்தும் இடம் வரை கொண்டுபோய் நிறுத்தி, இதோ பார்த்துவிட்டோம் அப்பா என்று படம் எடுத்துத் திரும்புவதும் இதற்கு ஈடாகாது. ஐந்து வாரம் என்றால் ஐந்து சனிக்கிழமைகள். உங்கள் ஊர் வானிலையில் அவற்றில் இரண்டை மழை எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்று.

போகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நனைந்த சுண்ணாம்புத் தரை சோப்புக் கட்டியைப்போல வழுக்கும், அங்கே உங்கள் பயம் நியாயமானதுதான். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, காலையிலேயே புறப்படுங்கள். கிராமத்திலிருந்து முழுத் தூரமும் நடப்பது அதிகம் என்று டாக்டர் சொன்னால், குன்றின் அடியிலேயே இருக்கும் வூல்ஸ்டன் கிராமத்திலிருந்து தொடங்கலாம். அப்போதும் அவர் அடிவாரத்திலிருந்து ஏறியவராகவே இருப்பார். அந்த நாட்டு அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில், 1:25,000 அளவில், பொது நடைபாதைகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். தனியார் வயலுக்குள் போனாலும் அந்தப் பாதையில் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு, வழியில் இருக்கும் கதவுகளை மட்டும் இருந்தபடியே விட்டுப் போக வேண்டும். வழியில் வேலியைத் தாண்ட மரப்படிகள் இருந்தால், அவர் முழங்காலைப் பார்த்து முதலில் நீங்கள் ஏறிக் கை கொடுங்கள். வயலில் அவர் நின்று மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்ப்பார், அவசரப்படுத்தாதீர்கள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும், அங்கும் நிற்பார்.

பாதிக்கு மேல் ஏறியதும் கீழே உச்சி தட்டையான ஒரு சிறு குன்று தெரியும், அதற்கு டிராகன் குன்று என்று பெயர். புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்றது அங்கேதான், அதன் ரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்பது அந்த ஊர்க் கதை. அந்தக் குன்று தெரியும் இடத்தில் அப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கதையை உங்கள் மகனைச் சொல்லச் சொல்லுங்கள். மேலே போனதும் ஒன்று நடக்கும், அதற்கு அவரை முன்பே தயார் செய்யுங்கள்: பக்கத்தில் நின்றால் குதிரை முழுதாகத் தெரியாது. புல்லுக்கு நடுவே வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். தூரத்தில் ரயிலிலிருந்து பார்த்தவருக்கே அதன் உருவம் கிடைத்தது என்று சொல்லுங்கள். கோடுகளின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. இதையும் அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்காது. இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சிரமம் அதிகம், கையில் ஒரு தடி இருக்கட்டும். உச்சியில் காற்று பலமாக இருக்கும் என்பதால் மப்ளரும் மழைக்கோட்டும் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

மகனை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்தப் பயணத்தில் முதலில் சேர்ந்தவன் அவன்தான்.

கடைசியாக, அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து லேஸ் கட்டத் தொடங்கும்போது நேரம் ஆகும். முடிச்சு ஒருமுறை அவிழும், மறுபடியும் தொடங்குவார். நேரமாகிறது அப்பா என்று சொல்லிக் குனிந்து நீங்கள் கட்டிவிடாதீர்கள். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கட்டி முடிக்கும்வரை இருங்கள்.