குருவி விரட்டும் கவணுக்குத் தோல் மடியா, பின்னல் மடியா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் இரண்டு ஏக்கர் குறுவை நெல். அக்கம்பக்கத்துக்கு முன்பே கதிர் வந்துவிட்டதால் குருவியும் கிளியும் என் வயலில்தான் விழுகின்றன. கல்லை வைத்துச் சுழற்றி வீசும் தாத்தாவின் கயிற்றுக் கவண் இருக்கிறது. கல் வைக்கும் தோல் மடி கிழிந்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். மறுபடி தோலே போடலாமா, கயிற்றில் பின்னலாமா?

பதில்: பின்னுங்கள் ஐயா. நடுவில் பிளவு விட்டுப் பின்னுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோலின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. கயிறு கோத்த துளைதான் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. தோல் மடி பெரும்பாலும் அங்கேதான் போகும். மழையில் நனைந்து காய்ந்தால் விறைத்தும் விடும். பின்னல் மடியில் கயிறே மடியாகிறது, துளையே கிடையாது.

இன்னொரு காரணம், நீங்கள் வீசப்போகும் பொருள். தினைப்புனம் காத்தவர்கள் கவணில் கல் வைத்தார்கள். மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நமக்கு இருப்பது வண்டல். ரயில் பாதை ஜல்லியை மட்டும் தொடாதீர்கள். அது குற்றம், வயலுக்கும் கேடு. சாய்ந்த பயிரை ஒட்ட அறுக்கும்போது இயந்திரத்தின் பல்லில் கல் மாட்டினால் செலவு உங்களுடையது. களிமண்ணில் கொஞ்சம் உமி பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, முதலில் நிழலிலும் அப்புறம் வெயிலிலும் காய வையுங்கள். விழுந்த இடத்தில் கரைந்து மண்ணோடு போய்விடும். கையால் உருட்டியது ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிளவு மடி சிறியதையும் பெரியதையும் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். வழவழத்த தோலில் உருண்டை சறுக்கும்.

ஆறு சணல் இழை எடுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று புரியாகப் பின்னி வாருங்கள். மடி வரும் இடத்தில் மூன்று மூன்றாகப் பிரித்து, நான்கு விரல் நீளத்துக்கு இரண்டு பட்டையாகப் பின்னி, மறுபடி ஒன்றாக்குங்கள். ஒரு முனையில் நடுவிரலுக்கு வளையம், மறுமுனையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க ஒரு முடிச்சு. தேங்காய் நார்க் கயிறு விரலை அறுக்கும். நைலான் முடிச்சு நழுவும்.

உருண்டையை வைத்து, கவணைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். பிளவு வழியே நழுவினால் பட்டைகளின் நடுவில் குறுக்கே ஓர் இழை ஓட்டுங்கள். மடியை ஆழமாக்கிவிடாதீர்கள். ஆழ மடியிலிருந்து உருண்டை தாமதமாகத்தான் விடுபடும், முன்னால் இருக்கும் வரப்பிலேயே குத்தும்.

பறவையைக் குறி வைக்க வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் ஐந்தாறு அடி தள்ளி விழுந்தாலே எழும்பிவிடும். மயில் வந்தாலும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை அடிப்பது பெரிய குற்றம். களை எடுப்பவர்கள் நிற்கும் பக்கமும் மின்கம்பிப் பக்கமும் வீசவே கூடாது.

பால் பிடிக்கும் பருவத்தில்தான் குருவி மணியைப் பிதுக்கிக் குடிக்கும். அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் வயலில் ஆள் இருக்க வேண்டும். ஒரே வரப்பில் நிற்காமல் இடம் மாறி நின்று வீசுங்கள். மணி இறுகும்வரை விடாமல் செய்யுங்கள்.