முப்பது கோடியிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்று கட்டுரை எழுதப் போய், சான்று கிடைக்காமல் முதல் பத்தியிலேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பாரதியின் ‘முப்பது கோடி முகமுடையாள்’ வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஓசைக்காக வந்த எண் இல்லை அது. 1901 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை சுமார் 29 கோடி. இன்றைய பாகிஸ்தான், வங்கதேசம், பர்மா எல்லாம் அதில் அடக்கம். அவர் பாடிய தாயின் எல்லை அவ்வளவு பெரியது. அடுத்த வரியிலேயே மொழி பதினெட்டு, சிந்தனை ஒன்று என்கிறார். தேசம் என்ற எண்ணம் உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம், ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்ற இறந்தகால வினை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவர் மறைந்தது 1921இல், விடுதலை வந்தது 1947இல். அந்த 26 வருட இடைவெளியையே கட்டுரையின் நடுப்பகுதியாக வையுங்கள்.