பால் 'காட் ஓவர்' ஆனால் ஏன் விழிக்கிறார்கள்?

பால் தீர்ந்துவிட்டது என்பதை லண்டன் அலுவலகத்தில் 'த மில்க் காட் ஓவர்' என்று சொன்னதும் எல்லோரும் விழித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்தியாவில் அது சர்வ சாதாரணம். ஆனால் பிரிட்டிஷ்காரர் காதில் 'கெட் ஓவர்' என்றால் காய்ச்சலிலிருந்தோ காதல் தோல்வியிலிருந்தோ மீண்டு வருவது. பாலுக்கு என்ன சோகம் என்று யோசித்திருப்பார்கள்!

அங்கே 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்பார்கள். தமிழில் தீர்வது பால்; இந்த வாக்கியத்தில் எழுவாய் நாம். நமக்கு இடறுவது இதில்தான். பாலையே எழுவாயாக்கினால் 'ஆஃப்' போய்விடும்: 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்'. 'ரன் அவுட் த மில்க்' மட்டும் வேண்டாம்.

'யூஸ் அப்' வேறு மாதிரி. யாரோ தீர்த்திருக்கிறார் என்று அர்த்தம். 'ஹூ யூஸ்டு அப் த மில்க்?' என்று கேட்டால் லேசாகக் குற்றம் சாட்டும் தொனி வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 'த மில்க்' என்பதற்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில் உட்காரும்: 'யூஸ் இட் அப்'.

அப்புறம், இன்னும் ஒரு டம்ளர் மிச்சமிருந்தால் 'வீ ஆர் ரன்னிங் லோ ஆன் மில்க்' என்று சொல்லுங்கள். யாராவது கடைக்குப் போவார்கள்.