வரி இல்லாத சம்பளமும் சம்பளம்தான்: ஊர் திரும்பியவர்களின் மானியக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை. வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பி, பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போய், மானியப் படிவத்தின் வருமானப் பகுதியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குழந்தை போனஸுக்கு என் அபுதாபி சம்பளத்தைக் காட்ட வேண்டுமா? (செங்காங் வாசகர்)

வேண்டாம். ரொக்கப் பரிசுக்கும் சரி, பிள்ளையின் பெயரில் திறக்கும் சிடிஏ சேமிப்புக் கணக்கில் போடும் தொடக்கத் தொகைக்கும் சரி, வருமான வரம்பே கிடையாது. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், ரொக்கப் பரிசுக்குப் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: மகள் சென்னையில் பிறந்தாள், ஏழு மாதம் ஆகிறது. திரும்பி வந்த பிறகு குடியுரிமைக்கு மனு போட்டால் போதுமா?

எப்போது திரும்புவீர்கள் என்று எழுதவில்லையே! வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கேட்பவர்கள் பிறந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும். ஐந்து மாதம்தான் மிச்சம், இந்த வாரமே தொடங்குங்கள். குடியுரிமை வராமல் மானியப் பேச்சே இல்லை.

கேள்வி: கணவர் இன்னும் துபாயில்தான் வேலை செய்கிறார். நானும் மகனும் திரும்பி வந்துவிட்டோம், எனக்கு இங்கே ஒரு கிளினிக்கில் மாதம் 3,800 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம். அவருடைய பணத்துக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை. ஆன்லைனில் பார்த்தபோது அவர் பெயருக்கு எதிரே வருமானமே வரவில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று தோழி சொல்கிறார். சரியா? (ஈசூன் வாசகி)

சரியில்லை. இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை, ஆனாலும் மறுபடி விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல குடும்பங்கள் இந்த ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

வெளிநாட்டில் சம்பாதித்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் பணத்துக்குத் தனிநபர்கள் 2004ஆம் ஆண்டிலிருந்து பொதுவாக இங்கே வரி கட்டுவதில்லை. அது வருமான வரிச் சட்டம். மானியப் படிவம் கேட்பது வேறு: உங்கள் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது? அதற்கு எங்கே வரி கட்டினீர்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. வரி நோட்டீஸில் பூஜ்யம் என்றிருப்பதைக் கொண்டுபோய் வருமானம் பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆன்லைனில் வராததற்கும் காரணம் எளிது. உங்கள் ஒப்புதலோடு மசேநி (மத்திய சேம நிதி), வரி வசூலிக்கும் வருவாய் ஆணையம் போன்ற இடங்களில் உள்ள பதிவைத்தான் எடுக்கிறார்கள், துபாய் முதலாளி மசேநி கட்டமாட்டார். பதிவில் இல்லாததை நீங்கள்தான் எழுதிச் சம்பளச் சீட்டோடு கொடுக்க வேண்டும், கையெழுத்தும் நீங்கள்தானே போடுகிறீர்கள்.

இப்போது உங்கள் கணக்கையே பார்ப்போம். கணவருக்கு அடிப்படைச் சம்பளம் 14,000 திர்ஹாம், வீட்டு அலவன்ஸ் 6,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அலவன்ஸும் சேரும், ஆக 20,000 திர்ஹாம், ஏறக்குறைய 7,000 வெள்ளி. உங்களுடையதைக் கூட்டினால் 10,800. குடும்ப வருமானத்தைப் பொறுத்துத் தரும் கூடுதல் மானியத்தின் வரம்பு 12,000 வெள்ளி, 2020இல் 7,500இலிருந்து உயர்த்தினார்கள். அதாவது எல்லாவற்றையும் காட்டினாலும் நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்! முழுநாள் பராமரிப்புக்கு மாதம் 80 வெள்ளி வாக்கில் கூடுதல் மானியம் வரும், வேலை செய்யும் தாய்க்கான 300 வெள்ளி அடிப்படை மானியம் தனி. மறைத்து 3,800 மட்டும் எழுதினால் 80க்குப் பதில் 400க்கு மேல் வரும், உண்மைதான். ஒரு வருடத்தில் வித்தியாசம் 4,000 வெள்ளியைத் தொடும். தெரியவரும் நாளில் அவ்வளவையும் திரும்பக் கேட்பார்கள், பொய்த் தகவல் கொடுத்த பிரச்சினை தனியாக நிற்கும்.

போன மாதம் ஒரு தாய் என் மேசையில் பிளாஸ்டிக் உறையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு நகலிலும் அலவன்ஸ் வரிகள் இருந்த கீழ்ப்பாதி மட்டும் விழவில்லை. 'மேலே இருப்பதுதானே சம்பளம், கடையில் அப்படியே எடுக்கச் சொன்னேன்' என்றார். அவருக்கு ஏமாற்றும் எண்ணமே இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முழுச் சீட்டை மறுபடி நகலெடுத்துக் கொடுத்தோம், அவருக்கும் மானியம் கிடைத்தது. தோழி சொன்னார், மச்சினர் சொன்னார் என்று கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போது அவர்கள் பெயர் அதில் இருக்காது.

கேள்வி: என் வருமானம் 1,80,000. மானியம் கிடைக்குமா?

ரூபாயா வெள்ளியா? மாதத்துக்கா வருடத்துக்கா? பிடித்தம் போகவா, போவதற்கு முன்பா? இதையெல்லாம் எழுதாமல் நான் எப்படிச் சொல்வது? மாதம் 1,80,000 ரூபாய் என்றால், வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,800 வெள்ளிக்குள் வரும், வரம்பு தொலைவில் இருக்கிறது. எதுவானாலும் பிடித்தத்துக்கு முந்தைய தொகையைத்தான் காட்ட வேண்டும். கைக்கு வந்ததை எழுதாதீர்கள்.

கேள்வி: போனஸ் வருடத்துக்கு ஒருமுறைதான். மாதச் சம்பளத்தை மட்டும் எழுதினால் போதாதா?

போதாது. போனஸைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளத்தோடு கூட்டுங்கள்.

கேள்வி: மெல்பர்ன் நிறுவனத்துக்குப் பொங்கோல் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சம்பளம் ஆஸ்திரேலிய வங்கியில் விழுகிறது. வெளிநாட்டு வருமானம், வரி இல்லை, சரிதானே?

இல்லை. எந்த நாட்டு வங்கியில் விழுகிறது என்பதைப் பார்க்கமாட்டார்கள், எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பொங்கோலில் உட்கார்ந்து செய்கிறீர்கள், அது சிங்கப்பூரில் சம்பாதித்த பணம், வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும், மானியப் படிவத்திலும் காட்ட வேண்டும். திரும்பி வந்த நாளிலிருந்து காட்டவில்லை என்றால் வருவாய் ஆணையம் உங்களைத் தேடி வருவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மானியத்தைப் பார்க்கலாம்.

கேள்வி: வாரம் பத்து மணி நேரம் ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன். நான் 'வேலை செய்யும் தாய்'தானா?

மாதம் 56 மணி நேரமாவது வேண்டும். உங்களுடையது 40ஐச் சற்றுத் தாண்டுகிறது, போதாது.

கேள்வி: பெங்களூரில் இருந்த இரண்டு வருடத்துக்கு, வேலை செய்யும் தாய்மாருக்கான வரிச் சலுகையைக் கேட்கலாமா?

அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரியே கட்டவில்லையே, எதிலிருந்து கழிப்பது? இங்கே வரிக்குரிய சம்பளம் வரத் தொடங்கும் ஆண்டிலிருந்து கேளுங்கள். 2024 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அது நிலையான தொகை, முதல் பிள்ளைக்கு 8,000 வெள்ளி.

கேள்வி: கணவரின் வெளிநாட்டுச் சம்பளத்தையும் சேர்த்தால் 12,600 வருகிறது. விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டோம். இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத மாமனார் மாமியார், எல்லாரும் தெம்பனிஸில் ஒரே வீட்டில். (கோபத்தோடு எழுதியிருக்கும் வாசகி)

கோபம் புரிகிறது, ஆனால் அவசரப்பட்டுவிட்டீர்கள். வீட்டில் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்து, அவர்களில் மூன்று பேராவது சம்பாதிக்காதவர்களாக இருந்தால் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம், வரம்பு 3,000 வெள்ளி. உங்கள் வீட்டில் ஆறு பேர், நான்கு பேர் சார்ந்திருப்பவர்கள். 12,600ஐ ஆறால் வகுத்தால் 2,100தான். பெரியவர்களின் அடையாள அட்டையில் (ஐசி) இந்த முகவரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், பழைய முகவரி இருந்தால் மாற்றிவிட்டு, கணவரின் சம்பளச் சீட்டை முழுசாக இணைத்து நாளைக்கே நிலையத்தில் கொடுங்கள்.