பனிப்புயல்ல ப்ளைட் கேன்சல் ஆனா ஹோட்டல் குடுப்பாங்களான்னு கேட்ட தங்கச்சிக்கு

ஜனவரி நடுவுல ஒன்றரை வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு சென்னை, லண்டன், சிகாகோ வழியா ப்ளூமிங்டன் வர்றேன்னு எழுதியிருந்தே. பனிப்புயல் வந்து ப்ளைட் கேன்சல் ஆனா ஏர்லைன்காரங்களே ஹோட்டல் போட்டுக் குடுத்துருவாங்கதானேக்கான்னு ஒரு கேள்வி. வளைகுடா ஏர்லைன்ல சிகாகோ வரைக்கும் ஒரு டிக்கெட்டு, அங்கருந்து ப்ளூமிங்டனுக்குத் தனியா ஒரு டிக்கெட்டுன்னு போட்டா இன்னும் கம்மியா வருதுன்னு ஏஜெண்ட் சொல்றாரு, எதை எடுக்கறதுன்னு இன்னொண்ணு. கூடவே ஜாக்கெட், குக்கர், மிக்ஸின்னு ஒரு பட்டியல். ஜாக்கெட்டு இங்க வந்து வாங்கிக்கோ, சென்னைல விக்கறது இல்லினாய் குளிருக்குப் பத்தாது. குக்கர் ஒண்ணு எடுத்துட்டு வா, மிக்ஸி 110 வோல்ட் இங்கயே கிடைக்கும், அது போதும் அதைப் பத்தி. உன்னை நீன்னே கூப்புடறேன், என் தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு.

ஹோட்டல் குடுக்க மாட்டாங்கம்மா. இதைத்தான் முதல்ல மனசுல ஏத்திக்கோ. அமெரிக்கால வானிலையால ப்ளைட் கேன்சல் ஆனா ஹோட்டலோ சாப்பாடோ குடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஏர்லைன்கள் குடுக்கறோம்னு எழுதி வச்சிருக்கறதெல்லாம் அவங்க தப்பால நடக்கறதுக்குத்தான், அதாவது மெஷின் கோளாறு, பைலட் வரல, சாப்ட்வேர் படுத்துருச்சு இந்த மாதிரி. பனின்னு சொல்லிட்டா கைய விரிச்சுருவாங்க. அவங்க கடமை ரெண்டே ரெண்டு, ஒண்ணு அடுத்து எந்த ப்ளைட்ல இடம் இருக்கோ அதுல கூடுதல் காசு வாங்காம உன்னை ஏத்தறது, இல்ல நீ பயணமே வேண்டாம்னா காசைத் திருப்பிக் குடுக்கறது. இந்தக் காசு விஷயத்துல மட்டும் 2024ல போக்குவரத்துத் துறை விதியைக் கெட்டியாக்கிட்டாங்க, கேன்சல் ஆனாலோ, உள்நாட்டு ப்ளைட் 3 மணி நேரம், வெளிநாட்டு ப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனாலோ, நீ மாத்து ஏற்பாட்டை ஏத்துக்கலன்னா பணமாவே திரும்பி வரணும், கிரெடிட் கார்டுன்னா 7 வேலை நாளுக்குள்ள. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு, பாதி வழில நிக்கறப்ப போன்ல ரீபண்ட்னு ஒரு பட்டன் வரும், அதை அமுக்கிறாத. காசு வந்துரும், சீட்டு போயிரும், அதுக்கப்பறம் புயல் முடிஞ்ச மறுநாள் டிக்கெட்டு வாங்கணும்னா விலை எங்கயோ நிக்கும். உனக்கு வேண்டியது சீட்டு.

அடுத்தது இந்த சிகாகோ ப்ளூமிங்டன் குட்டி ப்ளைட்டு. பனிப்புயல்னா முதல்ல வெட்டு விழறது இந்த மாதிரி ப்ளைட்டுக்குத்தான், இதை எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டாரு. ஏன்னு சொல்றேன். பனி கொட்டறப்ப ஓ'ஹேர்ல, அதான் சிகாகோ ஏர்போர்ட்டு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானம்தான் இறங்கலாம்னு எண்ணிக்கையைக் குறைச்சுருவாங்க, அந்தக் குறைஞ்ச இடத்தை ஏர்லைன் 300 பேரு உக்காந்து லண்டன்லேந்து வர்ற விமானத்துக்குக் குடுக்குமா, 50, 70 பேரு போற ப்ளூமிங்டன் ப்ளைட்டுக்குக் குடுக்குமா? அதோட றெக்கைல ஐஸ் ஒட்டிட்டு இருந்தா கிளம்பவே கூடாது, அதனால ஒவ்வொண்ணுக்கும் முதல்ல ஆரஞ்சு கலர்ல சூடான திரவம் அடிச்சு ஐஸை உருக்கி, அப்பறம் மேல புதுசாப் பனி ஒட்டாம இருக்க பச்சை கலர்ல கெட்டியா இன்னொண்ணு அடிப்பாங்க, அதுவும் குறிப்பிட்ட நேரந்தான் தாங்கும், பனி கனமாக் கொட்டுனா அந்த நேரம் சுருங்கிரும், ரன்வே வரிசைல நிக்கறப்பவே நேரம் முடிஞ்சுருச்சுன்னா திரும்பி வந்து மறுபடி அடிக்கணும். இதுக்குள்ள பைலட்டோட வேலை நேரம் முடிஞ்சுரும். 2009 பிப்ரவரில பப்பலோ பக்கத்துல ஒரு சின்ன விமானம் விழுந்து 50 பேரு செத்தாங்க, அதுக்கப்பறந்தான் பைலட் களைப்பைப் பத்திப் பெருசாப் பேசி, 2014லேந்து ட்யூட்டி நேரத்தை 9லேந்து 14 மணிக்குள்ளன்னு இறுக்கிட்டாங்க. நேரம் முடிஞ்சா பைலட் எறங்கிப் போயிருவாரு, அதுல கோவப்பட எதுவும் இல்ல, களைச்சுப் போன ஆளு ஓட்டற விமானத்துல நம்ம குழந்தையை ஏத்த வேண்டாம்.

இப்பல்லாம் ஏர்லைன்கள் புயலுக்கு முந்தின நாளே மொத்தமாக் கேன்சல் பண்ணிருவாங்க, வெளில வெயிலடிக்குது ஏன் கேன்சல்னு நம்மாளுங்க கத்துவாங்க. விமானமும் ஆளுங்களும் பனில மாட்டிக்கிட்டா அப்பறம் நாலு நாளைக்கு எந்த ஊர்லயும் எதுவும் பறக்காது, அதனால முன்னாடியே வெளியூருக்கு நகத்தி வச்சிருவாங்க. இன்னொரு காரணமும் இருக்கு. 2007 பிப்ரவரி 14 அன்னிக்கு நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்ல ஐஸ் மழைல ஜெட்ப்ளூ விமானங்கள்ல ஜனங்களை உள்ளயே வச்சு மணிக்கணக்கா நிறுத்திட்டாங்க, சிலதுல பத்து மணி நேரத்துக்கு மேல. இந்த மாதிரி கூத்துகளுக்கு அப்பறந்தான் 2010ல விதி வந்துச்சு, உள்நாட்டு ப்ளைட்டுன்னா 3 மணி நேரத்துக்குள்ள இறங்க வாய்ப்பு குடுக்கணும், மறு வருஷம் வெளிநாட்டுதுக்கும் 4 மணி நேரம்னு சேத்தாங்க, 2 மணி நேரத்துலயே தண்ணியும் ஏதாவது தின்னவும் குடுக்கணும், பாத்ரூம் வேலை செய்யணும். மீறுனா அபராதம் பெருசு, அதுக்குப் பயந்தே முன்கூட்டிக் கேன்சல். ஆனா அவங்க குடுக்கற தின்பண்டத்தை உன் குழந்தை சாப்பிடாது, பால் பவுடர், டயப்பர், மருந்து எல்லாம் கைப்பைல இருக்கட்டும், கணக்கு போட்டு எடுக்கறதுக்கு மேல ஒரு மடங்கு வையி. பெட்டில போட்டதை மறந்துரு.

அதனால ஏஜெண்ட் சொல்ற ரெண்டு டிக்கெட் கதை வேண்டாம். வளைகுடா விமானம் பனியால லேட்டா வந்து ப்ளூமிங்டன் ப்ளைட்டை விட்டேன்னா, ரெண்டாவது ஏர்லைன்காரனைப் பொறுத்தவரைக்கும் நீ வராத ஆளு, அவ்வளவுதான், டிக்கெட்டு காலி. ஒரே பி.என்.ஆர்ல இருந்தா எங்க மாட்டுனாலும் கடைசி ஊர் வரைக்கும் கொண்டு சேக்கறது அவங்க தலைவலி. இந்தக் கொஞ்சக் காசு மிச்சத்துக்காக நம்மூர் ஏஜெண்டுகள் புதுசா வர்ற பொண்ணுங்க தலைல இதைக் கட்டறதைப் பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப் போச்சு, அவங்களுக்குக் கமிஷன் வந்துரும், ஓ'ஹேர்ல நிக்கப் போறது நீதான்.

லண்டன் வழி இன்னொரு விதத்துலயும் நல்லது. அங்கருந்து கிளம்பற ப்ளைட்டு பனியால கேன்சல் ஆனாலும் சாப்பாடும் ஹோட்டலும் ஏர்லைன் குடுத்தே ஆகணும், ஐரோப்பாவுல இருந்த சட்டத்தை பிரிட்டன் பிரிஞ்சப்பறமும் அப்படியே வச்சிருக்காங்க. வானிலைன்னா நஷ்ட ஈடுப் பணம் மட்டுந்தான் கிடைக்காது. அங்கயும் கவுண்டர்ல தானா சொல்ல மாட்டாங்க, நீதான் கேக்கணும். செல்லுபடியாகற அமெரிக்க விசா கைல இருந்தா பொதுவா ஒரு ராத்திரிக்கு வெளில விடுவாங்க, ஆனா முடிவு அந்த இமிகிரேஷன் ஆபீசர் கையில. நாளைக்கு இந்த ப்ளைட்ல போறேன்னு பேப்பர் வாங்கி வச்சுக்கிட்டுப் போய் நில்லு.

சிகாகோல இறங்குனதும் பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி, திருப்பி ப்ளூமிங்டனுக்குப் போடச் சொல்வாங்க. அந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லு. போன்ல அடுத்த ப்ளைட் நிலைமையைப் பாரு. கேன்சல்னு இருந்தா பெட்டியைத் திருப்பிக் குடுத்துறாத, குடுத்துட்டா அது பெல்ட்டுக்குள்ள போயி எந்த மூலைல கெடக்கும்னு தெரியாது, உனக்குக் குழந்தை துணி கூட இருக்காது. கையோட வச்சுக்கிட்டா உன் வீட்டுக்காரர் வந்தோ இல்ல பஸ்லயோ கிளம்பிரலாம், ஓ'ஹேர்லேந்து ப்ளூமிங்டனுக்கும் அதை ஒட்டின நார்மல்ங்கற ஊருக்கும் நேரா பஸ் இருக்கு, 130 மைல்தான்.

பஸ்ல வந்தா ஒரு போன் கட்டாயம் பண்ணணும். கேன்சல் ஆனதும் ஏர்லைன் கம்ப்யூட்டர் தானா உன்னை மறுநாள் ப்ளைட்ல போட்டு வச்சிருக்கும். நீ ரோடு வழியா வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கிட்டே, அந்த ப்ளைட்டுக்குப் போகலன்னா உன்னை வராத ஆளுன்னு குறிச்சு ரிட்டர்ன் டிக்கெட்டையும் சேத்து அழிச்சுரும். எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு குடும்பத்துக்கு இப்படி ஆகி, ஊருக்குக் கிளம்பற அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அந்தம்மா அழுத அழுகை இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. நான் தரைவழியாப் போறேன், சிகாகோ ப்ளூமிங்டன்ங்கற இந்த ஒரு லெக்கை மட்டும் எடுத்துட்டு ரிட்டர்னை அப்படியே வைங்கன்னு சொல்லி, யார்கிட்ட பேசினேன்னு பேர் குறிச்சுக்கோ. இங்க போன் லைன் கெடைக்கலன்னா சென்னைல அப்பாவையோ அண்ணனையோ அந்த ஏர்லைனோட இந்தியா நம்பருக்குக் கூப்புடச் சொல்லு, அங்க எடுப்பாங்க.

புயல் வருதுன்னு தெரிஞ்சா ரெண்டு மூணு நாள் முன்னாடியே ட்ராவல் வெயிவர்னு ஏர்லைன் அறிவிக்கும், இந்தெந்த ஊருக்கு இந்தெந்தத் தேதில போறவங்க காசில்லாம மாத்திக்கலாம்னு. அதைப் பாத்த உடனே மாத்து. நம்மாளுங்க பாதிப் பேரு கடைசி வரைக்கும் பாப்போம்னு உக்காந்துருப்பாங்க, அப்பறம் கவுண்டர்ல போய் நான் கோல்டு மெம்பர், மேனேஜரைக் கூப்புடுன்னு சத்தம் போடுவாங்க, அந்த நேரத்துல பக்கத்துல நிக்கற கல்லூரிப் பையன் போன்லயே மறுநாள் சீட்டைப் புடிச்சுட்டுப் போயிருப்பான். வாட்ஸப் குரூப்ல ஹோட்டல் கண்டிப்பா வாங்கிரலாம், சண்டை போடணும்னு ஆலோசனை சொல்றவங்க பல பேரு தொண்ணூறுகள்ல வந்து ஒரே ஊர்ல உக்காந்துட்டவங்க, அவங்க பேச்சை நம்பி வரிசைல நிக்காத.

சண்டை போட வேண்டிய இடமும் ஒண்ணு உண்டு. 2022 டிசம்பர் புயல்ல எல்லா ஏர்லைனும் விழுந்து சில நாள்ல எந்திரிச்சுருச்சு, சவுத்வெஸ்ட் மட்டும் எந்திரிக்கல, எந்தப் பைலட் எந்த ஊர்ல இருக்காருன்னே அவங்க சிஸ்டத்துக்குத் தெரியல. 16,900 ப்ளைட் கேன்சல், 20 லட்சம் பேருக்கு மேல நடுவழில. அரசாங்கம் அதை வானிலைன்னு விடல, ஒரு வருஷம் கழிச்சு 14 கோடி டாலர் அபராதம் போட்டாங்க. அதனால பனி நின்னப்பறமும் கேன்சல்னு சொன்னா காரணம் என்னன்னு கேட்டு எழுத்துல வாங்கு, ஆளில்லன்னு சொன்னா ஹோட்டல் கேளு, சாப்பாட்டு ரசீதெல்லாம் வச்சுக்கோ. வானிலைன்னே சொன்னாலும் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்குன்னு குறைஞ்ச விலை ஹோட்டல் ரேட் இருக்கும், அதையாவது கேளு.

நான் வந்தது 2011 பிப்ரவரி 1. அந்தத் தேதியைச் சொன்னாலே சிகாகோக்காரங்களுக்குத் தெரியும், ஓ'ஹேர்ல 21 இஞ்சுக்கு மேல பனி விழுந்த புயல், லேக் ஷோர் டிரைவ்ங்கற ஏரிக்கரை ரோட்டுல நூத்துக்கணக்கான கார்களை அப்படியே விட்டுட்டு ஜனங்க எறங்கி நடந்தாங்க. எங்க விமானம் மத்தியானம் எறங்குச்சு, கொஞ்ச நேரத்துல கண்ணாடிக்கு வெளில ஒண்ணும் தெரியல, வெள்ளையா ஒரு சுவர்தான். இடுப்புல எட்டு மாசக் குழந்தை, போன் கெடையாது, ஒரு தெலுங்குப் பையன்கிட்ட வாங்கி அவருக்குப் பேசினேன், ஐ-55 ஹைவேல வண்டியே ஓட்ட முடியல, நீ அங்கயே இருன்னாரு. ஏர்லைன் கவுண்டர்ல ஒரு பேப்பர்ல போன் நம்பர் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஏர்போர்ட்ல மடக்குக் கட்டில் குடுத்தாங்க, துணியும் கம்பிக்கால்களுமா, அதுல குழந்தையைப் போட்டுட்டு நான் கீழ உக்காந்துட்டேன். நடுராத்திரி பால் கலக்க சுடுதண்ணி இல்ல, காபிக் கடை ஆளுங்களே வீட்டுக்குப் போக முடியாம ஷட்டரை இழுத்துட்டாங்க. தரை தொடைச்சுட்டு இருந்த போலந்துக்கார அம்மா ஒருத்தர், நான் காலி பாட்டிலைக் காட்டினதும் மாப்பை செவுத்துல சாய்ச்சுட்டுப் போய், அவங்க ரூம் மைக்ரோவேவ்ல ஒரு பேப்பர் கப்ல தண்ணி சுட வச்சுக் கொண்டாந்தாங்க, தன்னோட மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் என்கிட்ட குடுத்தாங்க. விடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை அவங்களாவே வந்து குடுத்தாங்க. ரோடு தொறந்ததும் அவர் ஒரு நண்பரோட பெரிய வண்டில வந்து கூட்டிட்டுப் போனாரு, போற வழியெல்லாம் ஐஸ்ல சறுக்கிப் பள்ளத்துல கெடந்த லாரிகள்தான்.

அப்ப பனியைப் பாத்தாலே அழுகை வரும், திருச்சில வளந்த பொண்ணு. இன்னிக்குக் காலைல அஞ்சு மணிக்கு நானே டிரைவ்வேல பனியை அள்ளிட்டு, வண்டி ஓட்டி ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன், புயல் நேரத்துல வெளியூர்லேந்து வர்ற தமிழ்ப் பிள்ளைங்களுக்கு எங்க வீட்டுல ஒரு படுக்கை எப்பவும் இருக்கு. நீயும் பழகிருவே.

ஆனா நான் உன் இடத்துல இருந்தா அந்த குட்டி ப்ளைட்டே போட மாட்டேன். சிகாகோவோட டிக்கெட்டை முடிச்சுக்கோ, அவரை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு, ரோடு மோசம்னா ஏர்போர்ட் பக்கத்துல நீங்களே ஒரு ரூமுக்கு 150, 200 டாலர் ஒதுக்கி வைங்க. ஏற்கனவே ப்ளூமிங்டன் வரைக்கும் புக் பண்ணிட்டேன்னா, மறுநாள் காலைல இன்னொரு ப்ளைட் இருக்கா, சிகாகோல எத்தனை மணிக்கு எறங்கறேங்கறதை எனக்கு எழுது, பாத்துச் சொல்றேன். பி.என்.ஆர் நம்பரை மட்டும் எங்கயும் எழுதிப் போடாத, அதுவும் உன் கடைசிப் பேரும் தெரிஞ்சா யாரு வேணாலும் உள்ள போயி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணலாம்.