மசாலாவே போடாத ஜப்பானியச் சூப்புக்கு அவ்வளவு ருசி எங்கிருந்து வருகிறது?

மிளகாயும் தாளிப்பும் இல்லாத மிசோ சூப் எப்படி ருசிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது பாதிதான். மீதி, அடியில் இருக்கும் ‘தாஷி’ என்ற சாறு.

அதற்கு வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று, கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி; பெரும்பாலும் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் விளைவது. இன்னொன்று கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்து, உயர்ந்த வகைகளில் பூஞ்சையும் படியவிட்டு, மாதக்கணக்கில் பக்குவப்படுத்துவார்கள். கடைசியில் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். இழைப்புளி பொருத்திய பெட்டியில் சீவினால்தான் மெல்லிய சுருள்கள் கிடைக்கும். எவ்வளவு பொறுமையான வேலை!

கொம்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை அழுக்கென்று கழுவிவிடாதீர்கள், ருசி போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கொம்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்குங்கள். கொதிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். அப்புறம் இருபது கிராம் மீன் சீவலைப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் பிழியாமல் வடிகட்டினால் போதும்.

1908இல் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கொம்பிலிருந்து குளுட்டமேட் என்ற ருசிப் பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மீனில் இருப்பது இனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருள். இரண்டும் சேரும்போது உமாமி பல மடங்கு கூடுகிறது. தனித்தனியாகக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

சைவமா? மீனுக்குப் பதில் காய்ந்த ஷிடாக்கே காளான் போடலாம். ஜப்பானிய பௌத்த மடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.