வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் சபை தடுக்குமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் மாத வாடகைக்கு இருக்கிறோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கொரோனா ஊரடங்கின்போது கணவரின் ஆட்டோ ஓடவில்லை. வாடகை இரண்டு மாதம் பிந்திவிட்டது. வீட்டுக்காரர் ஆள் கூட்டிவந்து சாமான்களை வெளியே வைக்கப் பார்த்தார். அயலவர்கள்தான் மறித்தார்கள். அமெரிக்காவில் அந்த நேரம் நகரசபைகளே இதற்குத் தடை போட்டதாக மருமகன் சொல்கிறார். இன்னொரு தொற்றுநோய் வந்தால் எங்கள் பிரதேச சபையிடமும் அப்படிக் கேட்கலாமா?

பதில்: மருமகன் சொன்னது சரிதான். 2020 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்கள், கொரோனாவால் வருமானம் போய் வாடகை கட்ட முடியாதவர்களை வெளியேற்றக் கூடாது என்று தடை போட்டன. அந்த மாதம் 16ஆம் திகதி கலிபோர்னியா ஆளுநர் பிறப்பித்த ஆணையும் அங்குள்ள சபைகளுக்கு வழிவிட்டது. ஆனால் வாடகையை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஒன்றரை வருட நிலுவையை 2023 ஆகஸ்ட் 1ஆம் திகதிக்குள் கட்டச் சொன்னார்கள். இந்தப் பாதிக் கதை பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேர்வதில்லை.

இங்கே இலங்கையில் நிலைமை வேறு. நம் சபைகள், சட்டம் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை மட்டுமே பாவிக்கலாம். பிரதேச சபைகளுக்கு அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். குப்பை, வடிகால், சந்தை, சோலைவரி எல்லாம் அதில் உண்டு. வெளியேற்றத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் இல்லை. தவிசாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் வீட்டுக்காரருக்குக் கட்டளை போட முடியாது. தனிமைப்படுத்தல் சட்டம் என்று நாம் சொல்லும் 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் நோயைப் பற்றியது, வாடகையைப் பற்றியது அல்ல. அதில் ஒரு பக்க நன்மை இருக்கிறது: உங்கள் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருந்தால், அது அமுலில் உள்ளவரை நீங்கள் வெளியே போவதே குற்றம். வீட்டுக்காரர் வந்து நின்றால் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அழைத்துச் சொல்லுங்கள்.

2020இல் ஆட்டோ லீசிங்குக்கு மத்திய வங்கி ஆறு மாதச் சலுகை கொடுத்தது. அதையே வீட்டு வாடகைக்கும் கிடைத்த சலுகை என்று நினைத்தவர்கள் பலர். வாடகையை நிறுத்தி வைக்க அப்படியொரு சட்டம் வரவில்லை.

அப்படியானால் உங்களுக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது சபையில் இல்லை, நீதிமன்றத்தில். தொற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்காரர் தானாகவே உங்களை வெளியேற்ற முடியாது. மாத வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். அவர் முறைப்படி அறிவித்தல் தந்து, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகு பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்துதான் வீட்டைக் கையேற்க வேண்டும். ‘பொலிஸைக் கூட்டி வந்து எழுப்புவேன்’ என்பது வெறும் மிரட்டல். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை எழுப்பும் வேலை பொலிசுக்குக் கிடையாது.

பூட்டை மாற்றி உங்களை வெளியே விட்டுவிட்டால்? அங்கேதான் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் உதவும். அதன் 66ஆம் பிரிவின்படி, சமாதானத்துக்குப் பங்கம் வரக்கூடிய காணி, வீட்டுத் தகராறைப் பொலிசார் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். நீங்களும் சத்தியக் கடதாசியோடு நேராகப் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் முறையிட்டால், வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிபதி கட்டளையிட முடியும். வீடு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அன்று யார் குடியிருந்தார்கள் என்பதுதான் பார்க்கப்படும். அதனால் வீட்டுக்காரரின் வரி ரசீதை விட உங்கள் கரண்ட் பில், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிராம சேவகரின் உறுதிப்பத்திரம் போன்றவைதான் பெறுமதியானவை.

சபையிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பிறகு ‘இவர்கள் கட்டவே இல்லை’ என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். அந்தச் சட்டத்துக்குள் வரும் வீடென்றால், வாடகையை உள்ளூராட்சி சபையில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கலாம். வீட்டுக்காரர் கையில் கொடுத்ததாகவே அது கணிக்கப்படும். உங்கள் வீடு அதற்குள் வருமா என்பது எங்கே இருக்கிறது, எப்போது கட்டியது, சோலைவரிப் பதிவில் ஆண்டுப் பெறுமதி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. புதிதாகக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் வராது. வராவிட்டால் அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுச் சிட்டையை வைத்திருங்கள். கையில் காசு கொடுத்துவிட்டுச் சும்மா வருவதை மட்டும் இன்றோடு விடுங்கள்.

கொரோனா நேரத்தில் நீதிமன்றம் போக முடியாமல் தவணை தவறியவர்களுக்காக 2021இல் 17ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். அது அந்தக் காலத்துக்கு மட்டும். அடுத்த தடவையும் அப்படி வரும் என்று நம்பி, முறையிட உள்ள அந்த இரண்டு மாத அவகாசத்தை விட்டுவிடாதீர்கள். சம்பவம் நடந்த அன்றைக்கே உப்புவெளி பொலிசில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். வெளியே வைத்த சாமான்களையும் மாற்றிய பூட்டையும் போனில் படம் எடுங்கள். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு அந்த இலக்கத்தோடு போங்கள்.